சுவரொட்டியும் பெயர்ப் பட்டியலும்

நரிக்குடிப் பக்கம் முக்குளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மருது சகோதரர்கள் பிறந்தது அங்கேதான். வெள்ளையரை எதிர்க்கப் புறப்பட்ட சின்ன மருது அதை மூடி மறைக்கவில்லை. 1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் தம் அறிக்கையை ஒட்டச் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 24-ல் அண்ணன் தம்பி இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இளைஞர்கள் வேறு வழியில் சென்றார்கள். நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் இரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். அதில் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தாமும் மாய்ந்தார். அப்புறம் என்ன? கடிதங்கள் போலீஸாரிடம் அகப்பட்டன. கூட்டாளிகளில் சிலர் அப்ரூவர் ஆனார்கள். 14 பேர் மீது வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு 7 ஆண்டு சிறை. சங்கம் கலைந்தது.

அதே 1911-ல் சீனாவிலும் இரகசியச் சங்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு 'இலக்கியச் சங்கம்' என்று பெயர். உறுப்பினர்களோ கவிஞர்கள் அல்ல. சக்கரவர்த்தியின் படையிலேயே சம்பளம் வாங்கிய சிப்பாய்கள்! அக்டோபர் 9-ல் ஹாங்கோ நகரில் அவர்கள் செய்துகொண்டிருந்த வெடிகுண்டு தவறி வெடித்தது. பெயர்ப் பட்டியல் போலீஸார் கைக்குப் போயிற்று. மறுநாள் காலையில் மூவரின் தலை உருண்டது. அடுத்து யார் தலையோ? அன்றிரவே ஊச்சாங் படைவீட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள். தலைவர் சன் யாட்-சென் அப்போது அமெரிக்காவில் இருந்தார். செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம்! 1912 பிப்ரவரி 12-ல் ஆறு வயதுச் சக்கரவர்த்தி பூயீ முடி துறந்தார்.

இங்கும் குட்டு உடைந்தது, அங்கும் உடைந்தது. பலன் மட்டும் ஏன் வேறாயிற்று? துணிச்சலில் நம் பிள்ளைகள் ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் சீனருக்குப் படைவீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. கடல் கடந்த சீனர்களின் பணம் இருந்தது. நம்மவர்களும் பிழைக்கப் போன அதே பினாங்கில், 1910 நவம்பரில், சன் யாட்-சென் எழுச்சிக்கு நிதி திரட்டினார். வாஞ்சியின் பின்னால் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரகசியம் விதையை மூடும் மண். முளைத்து வெளியே வரும் நாளில் ஊர் கூடித் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? முக்குளத்துச் சின்ன மருது ஊரார் படிக்கும் சுவரைத் தேடிப் போனது அதற்காகத்தானே!