லென்ஸைக் கேட்கிறார்கள், ஊரைக் கேட்பதில்லை

ஜூலை பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பனிமய மாதா கோயில் கொடியேற்றம் 26ஆம் தேதி, பெருவிழா ஆகஸ்ட் 5. அதற்குள் சென்னை, கோவை, பெங்களூரு என்று கேமராக்காரத் தம்பிகள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, தூத்துக்குடிக்கு எந்த லென்ஸ் கொண்டு வரட்டும்? 16-35 போதுமா, 70-200ம் வேணுமா?" என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடையாது. "சிட்டிதானே, எல்லாம் எடுப்போம்" என்பார்கள். நானும் வருஷா வருஷம் தொண்டை வற்றச் சொல்லிப் பார்க்கிறேன். யார் காதில் விழுகிறது?

மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் யாரோ சொன்ன யோசனையை அப்படியே இங்கே தூக்கி வருகிறார்கள். உயரக் கட்டடங்கள் நெருக்கி நிற்கிற ஊரில், பின்னால் நகர இடமில்லாத தெருவில், 16 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லாமல் முடியாது. ஒத்துக்கொள்கிறேன். இங்கே அண்ணாந்து பார்க்க என்ன இருக்கிறது? கடல், உப்பளம், தோணி கட்டுகிற கரை, கிரேட் காட்டன் ரோட்டுக் கடைகள் எல்லாமே தரையோடு தரையாக நீண்டு கிடக்கின்றன. இதை அகல லென்ஸில் பிடித்தால் மேல்பாதி வெறும் வானம், கீழ்பாதி வெறும் தார் ரோடு, நடுவே நூல் கனத்தில் ஊர். 1713இல் எழும்பிய மாதா கோயிலின் அடியில் போய் நின்று கேமராவை மேலே தூக்கினால், முகப்பு பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது போலத்தான் வரும். கொஞ்சம் தள்ளி நின்று, சாய்க்காமல் பிடித்தால் 35லேயே நிமிர்ந்து நிற்கும். அந்தக் கொஞ்சம் தள்ளி நிற்கத்தான் பொறுமை இல்லை.

2023இல் தங்கத் தேர் ஓடிய அன்று பார்த்தேனே. முன்னால் நிற்பவர் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாத கூட்டம். அதில் ஒன்றரைக் கிலோ லென்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கை நடுங்க நிற்கிறார்கள். தேரும் சரியாகக் கிடைத்திருக்காது, சாமி கும்பிட்டதாகவும் இருந்திருக்காது.

உப்பளத்தில் நடப்பது இன்னும் வயிற்றெரிச்சல். வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். பாத்தியில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன்பே இறங்கிவிடுவது அதனால்தான். இவர்கள் சாவகாசமாகப் பத்து மணிக்கு வந்து, வரப்பில் பையைப் பரத்தி வைத்து, கேமராவைத் திறந்து போட்டுக்கொண்டு லென்ஸ் மாற்றுகிறார்கள். அந்தக் காற்றின் ஈரத்திலும் உப்பு, தூசியிலும் உப்பு. அது சென்சாரில் போய் உட்காரும். லென்ஸில் படிந்ததைச் சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் உப்புப்பொடி கண்ணாடியின் மேல்பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதிவிட வேண்டும், பிறகு லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தால் பையை உடனே திறக்கக் கூடாது, கண்ணாடியில் ஆவி படியும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று லென்ஸோடு வருகிறவர் இத்தனையையும் இரண்டு மூன்று மடங்கு செய்ய வேண்டும். செய்வதில்லை.

"முத்துக்குளிக்கிறதை எங்கே எடுக்கலாம்?" என்றும் கேட்கிறார்கள். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இப்போது இருப்பது சங்குகுளி. திரேஸ்புரத்திலிருந்து படகில் போய், மூழ்கி, சங்கு பொறுக்கி வருகிறவர்கள். அவர்கள் எடுத்த சங்குதான் வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்ணின் வளையலாகிறது. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து படகுகள் மேல் நேராக விழும். அருமையான வெளிச்சம் அது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் சூரியோதயம் ஒன்றை எடுத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறார்கள். மிச்சப்பேர் எட்ட நின்று 200இல் குறி பார்க்கிறார்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள். கரையேறியவர் முகத்தில் நீச்சல் கண்ணாடியின் ரப்பர் அழுத்திய தடம் வட்டமாகக் கிடக்கும். விரல்நுனி ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். சாக்கிலிருந்து கொட்டுகிற சங்கு, பூஜை அறையில் பார்க்கிற வெள்ளைச் சங்காக இருக்காது. மேலே பழுப்பாக ஒரு தோல் போர்த்தியிருக்கும். பெரிசு சிறிசு பார்த்துப் பிரிப்பார்கள், விலை அதைப் பொறுத்துத்தான். இதையெல்லாம் நீள லென்ஸும் காட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "இவங்க பறவையையா எடுக்க வந்திருக்காவ? கிட்ட வந்து கேட்டா நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்?" எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஒரே ஒரு லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 35. சின்ன சென்சார் என்றால் கேமராவோடு வந்த 18-55ஐ 24இல் வைத்துவிட்டு அசைக்காதீர்கள், கிட்டத்தட்ட அதே பார்வைதான். புதிதாக ஒரு காசு செலவில்லை. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோன், பெரும்பாலும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸோடு உலகம் சுற்றியவர். உப்பளத்துப் பறவைகளுக்கு நீள லென்ஸ் வேண்டும்தான், அதற்கென்று தனியாக வாருங்கள். கப்பலை எடுக்க 600ஐத் தூக்கி வராதீர்கள். அனுமதியில்லாமல் துறைமுகத்துக்குள் படமெடுக்க முடியாது, வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று. திரேஸ்புரத்தில் எந்தப் படகுக்காரரிடம் பேசினாலும் சொல்வார்: "எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போனாவ, ஒரு படம் வரலியே." கிட்ட நின்று பெயர் கேட்டு எடுத்திருந்தால் யாருக்கு அனுப்புவது என்றாவது தெரிந்திருக்கும். எடுத்த அன்றைக்கே நம் ஊர் ஸ்டுடியோவில் கொடுத்தால் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். மறுநாள் படகு கரைக்கு வரும்போது கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.