கேன்சர் செல்லை மின்ன வைக்கும் மருந்து: ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடக்குது?

மூளையில் வரும் கிளியோமா கட்டியை அகற்றுவதில் ஒரு பெரிய தலைவலி உண்டு. கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பது சாதாரண வெளிச்சத்தில் பிடிபடாது. கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பேச்சோ, கை கால் அசைவோ போய்விடலாம். குறைவாக வெட்டினால் மிச்சம் திரும்ப வளரும்.

இங்கேதான் 5-ஏஎல்ஏ என்கிற மருந்து வருது. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி இதைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறார். புதுசா ஒண்ணும் இல்லை, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ‘ஹீம்’ தயாரிக்க நம் உடம்பே உருவாக்கும் பொருள்தான். கிளியோமா செல்லில் அந்தத் தயாரிப்பு பாதியில் தேங்கி, புரோட்டோபோர்ஃபிரின் சேர்ந்துவிடுகிறது. நீல ஒளி பட்டால் அது சிவப்பாக மின்னும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டாக்டருக்குக் கட்டியின் ஓரம் தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. சாதாரண வெளிச்சத்தில் ஆபரேஷன் நடந்தவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுசாக நீங்கியிருந்தது. 5-ஏஎல்ஏ குடித்தவர்களில் 65 சதவீதம். இருந்தும் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுக்க 2017 ஆனது.

பிறகு வந்தவை வேறு ரகம். சினைப்பை கேன்சருக்கு 2021-ல் அனுமதி பெற்ற சைட்டாலக்ஸ், ஃபோலேட்டை இழுத்துக்கொள்ளும் செல்களில் போய் ஒட்டும். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தனி கேமரா வேண்டும். 2024-ல் மார்பகக் கேன்சருக்கு வந்த லூமிசைட், ஸ்விட்ச் போடாத பல்பு மாதிரி. கட்டியில் அதிகம் இருக்கும் என்சைம்கள் அதை வெட்டினால்தான் எரியும். கடுமையான அலர்ஜி வரலாம் என்ற எச்சரிக்கையும் அதன் லேபிளிலேயே இருக்கு.

‘கேன்சரைக் கண்டுபிடிக்கும் ஒளி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தலைப்புகள் இதையெல்லாம் சொல்வதில்லை. இவை யாருக்குக் கேன்சர் இருக்குன்னு சொல்லும் டெஸ்ட் கிடையாது. ஏற்கெனவே நோய் உறுதியாகி அல்லது சந்தேகிக்கப்பட்டு, ஆபரேஷன் டேபிளுக்கு வந்தவர்களுக்கானவை. இன்னொன்றும் அந்தத் தலைப்புகளில் இருக்காது. அதே 2006 ஆய்வில், ஆறு மாதம் வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் 41 சதவீதம், மற்ற தரப்பில் 21. ஆனால் மொத்தத்தில் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்தால், இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.