தகப்பனாரிடம் கேட்டீரா?

சென்ற வாரம் குருநகரில் ஒரு பல்கலைக்கழக மாணவர் திட்ட அறிக்கையொன்றைத் தந்து, "ஐயா, இதை ஒருக்கால் பாருங்கோ" என்றார். தந்தையார் கடற்றொழிலாளி. களப்பு நண்டை இடைத்தரகரின்றிக் கொழும்பு உணவகங்களுக்கு அனுப்புவது அவரது எண்ணம். முதலீட்டுக்காகத் தாயாரின் நகைகள் அடகுக்குச் செல்லவிருக்கின்றன.

பன்னிரண்டு பக்கங்கள், பிழையற்ற ஆங்கிலம். சட்ஜிபிடி எழுதித் தந்ததென்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதில் குருநகரைக் காணவில்லை. ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரே அளவு நண்டு கிடைக்குமெனக் கணக்கிடப்பட்டிருந்தது. காற்றும் இல்லை, நிலவும் இல்லை. வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முற்பணம் பெற்றவர், பிடித்ததை அவருக்கே கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதும் இல்லை. அவரிடம் போய் இந்த மாணவர் எந்த நண்டை வாங்குவார்?

"தகப்பனாரிடம் கேட்டீரா?" என்றேன்.

"இல்லை ஐயா."

2022 நவம்பரில் வெளிவந்த அந்த மென்பொருளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எழுதப்பட்டவற்றைப் படித்தே அது பேசக் கற்றது. குருநகரைப் பற்றி நாங்கள் என்ன எழுதினோம்? கடலில் உயிர்கள் போனபோது எழுதினோம். இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்தபோது எழுதினோம். இறங்குதுறையில் விலை எப்படித் தீர்மானமாகிறதென்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. 2005 முதல் நூலகம் திட்டத்தினர் எங்கள் ஏடுகளை மின்வடிவாக்கி வருகின்றனர். எழுதாததை அவர்கள் எங்கிருந்து எடுப்பர்?

இதைத் தடைசெய்ய வேண்டுமென்னும் விரிவுரையாளர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பணம் கொடுத்து ஆங்கிலம் படிக்க இயலாத பிள்ளை இன்று கொழும்பு முகாமையாளருக்குத் தானே கடிதம் எழுதுகிறான். அது சிறிய காரியமன்று. (ஏளனம் செய்வோரிற் பலர் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர்கள்.) ஆனால் ஒவ்வோர் அறிக்கையோடும், யார் யாரிடம் நேரிற் கேட்டறிந்தாய் என்று ஒரு பக்கம் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை வைத்து வாய்மொழியாகக் கேள்வி கேளுங்கள்.

நான்கு நாட்களின் பின் அந்த அறிக்கை மீண்டும் வந்தது. மூன்றாம் பக்கத்தில் கொள்முதல் விலை பென்சிலால் வெட்டப்பட்டிருந்தது. அருகே தந்தையாரின் கையெழுத்தில், "மாரியில் இந்த விலைக்கு ஆர் தருவினம்?"

நகைகள் இன்னும் அடகுக்குப் போகவில்லை.