சினம் தணிந்த மலையும் தணியாத புண்ணும்

கடந்த வைகாசியில் நண்பர்கள் ஐவர் திருத்தணி மலை ஏறினோம். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளையும் வெறுங்காலுடன் ஏறுவது எங்களுள் மூத்தவர் ஒருவரின் நேர்த்திக்கடன். நண்பகல் வெயிலில் கல் கொதித்தது. நாங்கள் நால்வரும் நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் துள்ளி ஓடினோம். அவர் மட்டும் நிதானமாக நடந்து வந்தார். முருகன் அருளால் அவருக்குச் சுடவில்லை என்று வியந்தோம். திரும்பும் வழியில், அரக்கோணம் தாண்டிய பிறகு, ரயில் இருக்கையில் அவர் காலை மடக்கி அமர்ந்தபோதுதான் உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக் கொப்புளம் ஒன்று உடைந்து கிடப்பதைக் கண்டோம். அவருக்கு வலிக்கவே இல்லை. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர் அவர். நாங்கள் அருள் என்று வியந்தது நரம்பு மரத்துப்போனதன் அடையாளம்.

அந்தப் புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. பாட்டுக்குப் பொருள் தேடும் கூட்டம் நாங்கள். உயிரியல் எங்கள் துறையன்று. ஆயினும் அந்நான்கு மாதங்களில் படித்தும் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் அறிந்தவை, திருத்தணி என்னும் பெயரிடமே எங்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தின.

சூரனோடு பொருத சினமும் வள்ளியின் பொருட்டு வேடரோடு பொருத சினமும் தணிந்து முருகன் அமர்ந்த இடம் தணிகை என்பது தலமரபு. அதனாலேயே மற்ற படைவீடுகளைப் போல இங்குச் சூரசம்ஹாரம் நிகழ்த்துவதில்லை. அந்நாளில் மலரால் வழிபடுகின்றனர். போர் வேண்டாம் என்று சொல்லும் தலம் அன்று இது. போர் முடிந்த பின் சினம் தணிய வேண்டும் என்று சொல்லும் தலம். நம் உடலும் ஒவ்வொரு காயத்திலும் இதையே செய்கிறது, அல்லது செய்யத் தவறுகிறது.

சூடு பட்ட தோலில் நிகழ்வதைப் பார்ப்போம். உயிரணு ஒவ்வொன்றும் தன் சவ்வின் வழியே சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிக் கொண்டிருக்கிறது. அதற்கான ஆற்றலைத் தருவது பெரும்பாலும் மைட்டோகாண்டிரியா. காயத்தாலோ குருதி குறைவதாலோ ஆற்றல் குன்றினால் சோடியம் உள்ளே தங்கும், அதைத் தொடர்ந்து நீர் புகும், அணு வீங்கும். இந்த நிலையில் அது இறந்துவிடவில்லை. குருதியும் உயிர்வளியும் உரிய நேரத்தில் வந்தால் மீண்டுவிடும். நம் உழவர் இதற்கு நிகரானதைப் பயிரில் நாள்தோறும் பார்க்கின்றனர். அதை வாடல் என்கின்றனர். வாடிய பயிர் நீர் கண்டால் நிமிரும்.

எல்லை ஒன்று உண்டு. அதைக் கடந்தால் சவ்வு கிழிகிறது. உள்ளிருப்பவை அக்கம்பக்கத்தில் கொட்டுகின்றன. இது பட்டுப்போதல். மருத்துவ நூல்கள் நசிவு என்று குறிப்பிடுவது இதையே. கொட்டியவற்றை உடல் அபாய அறிவிப்பாகக் கொள்கிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளையணுக்கள் விரைந்து வருகின்றன. இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. இதுவே அழற்சி, உடலின் சினம். இந்தச் சினம் இல்லையேல் கிருமிகள் நம்மைத் தின்றுவிடும்.

மூன்றாவதாக இன்னொரு இறப்பு உண்டு. அது விபத்தன்று, கடமை. 1972இல் கெர், வில்லி, கறி என்னும் மூவர் அதைத் தனியே அடையாளம் கண்டு, அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உதிரும் அணு கிழிவதில்லை. சுருங்கிச் சிறு பொதிகளாகப் பிரிகிறது. அண்டை அணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. அதனால் பொதுவாகச் சினம் எழுவதில்லை. மிகச் சிறிய உருளைப்புழு ஒன்றின் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உடலணுக்களில் சரியாக 131 இவ்வாறு உதிர்கின்றன. இத்துறையில் உழைத்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

சினம் எவ்வாறு தணிகிறது? போர் ஓய்ந்ததும் தானாக அடங்கிவிடும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. முதலில் ஓடி வந்த வெள்ளையணுக்கள் தம் வேலை முடிந்ததும் உதிர வேண்டும். பின்னால் வரும் பெருவிழுங்கி அணுக்கள் அவற்றை விழுங்க வேண்டும். விழுங்கிய பின் பெருவிழுங்கிகளின் இயல்பே மாறுகிறது. அழிப்பதை விட்டு, புதுத் தசை வளர்க்கும் குறிப்புகளை அனுப்பத் தொடங்குகின்றன. தணிதல் என்பது சும்மா இருத்தல் அன்று. அது ஒரு வேலை.

நீரிழிவுக்காரரின் காலில் தடைப்படுவது இந்த வேலையே. மிகுந்த சர்க்கரை முதலில் நரம்பைக் கெடுக்கிறது. காயம் பட்டதே தெரிவதில்லை. அடுத்துக் குருதிக் குழாயைக் கெடுக்கிறது; வாடிய அணுவுக்கு நீர் வருவதில்லை. பெருவிழுங்கிகளும் தம் கடமையில் தளர்கின்றன. விழுங்கப்படாத வெள்ளையணுக்கள் அங்கேயே சிதைந்து, தம் நொதிகளால் புதுத் தசையையும் அரிக்கின்றன. சூரன் மாண்ட பின்னும் போர் நடந்துகொண்டே இருக்கிறது. பலர் விரலையும் காலையும் இழப்பது இப்படித்தான்.

ஆகவே எங்கள் கருத்து இது. 'செல் இறப்பு' என்னும் ஒரே சொல்லில் அடக்கியோ, கிரேக்கச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்தோ நிறுத்திவிடுவதால் பாமரருக்குப் பயனில்லை. வாடல், பட்டுப்போதல், உதிர்தல், தணிதல் ஆகிய நான்கும் வயலிலும் வீட்டிலும் வழங்கும் சொற்கள். "உங்கள் கால் வாடியிருக்கிறது, இன்னும் பட்டுப்போகவில்லை" என்று ஒரு மருத்துவர் சொன்னால், இன்றே ஏதேனும் செய்தாக வேண்டும் என்பது எந்தக் கிழவிக்கும் விளங்கும். சொல் விளங்கினால் கால் பிழைக்கும்.

வெறுங்காலும் வெயிலும் நேர்த்திக்கடனின் பகுதியல்லவா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வலியை உணர்பவர் அதை விரும்பி ஏற்பது காணிக்கை, எங்களுக்கு மறுப்பில்லை. உணர்வே அற்ற கால் எதைக் காணிக்கையாக்கும்? இதே மலையில் முடி இறக்குவதையும் எண்ணிப் பாருங்கள். வெளியே தெரியும் முடி இறந்த அணுக்களின் தொகுதி. உயிருள்ள வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. உதிர்ந்ததைக் கொடுத்து உயிருள்ளதைக் காக்கும் காணிக்கை அது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மலையேறும் கூட்டத்தில் அவர்கள் எத்தனை பேர் இருப்பர்! அவர்கள் விடியலில் ஏறட்டும். இயலாதோர் மலைப்பாதையில் வண்டியில் செல்லட்டும். கால் மரத்தவர்கள் தடித்த பருத்திக் காலுறை அணிந்து வருவதை யாரும் குறையாகப் பார்க்க வேண்டா. திறந்த கல் தளங்களில் பாய் விரித்து நீர் தெளிப்பது கோயில்களுக்குப் புதிய வழக்கமும் அன்று. வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதை வழிபாட்டின் கடைசி அங்கமாகக் கொண்டாலும் தகும்.

அருணகிரிநாதர் இந்தத் தணிகையில் பாடிய திருப்புகழ் ஒன்றில், தம்மை அணுகக் கூடாத நோய்களை வரிசையாக அடுக்குகிறார். அவ்வரிசையில் நீரிழிவும் இருக்கிறது. பல முறை பாடியிருந்தும் அச்சொல்லில் நாங்கள் நின்றதில்லை. இப்போது எங்கள் நண்பர் அவ்விடம் வந்ததும் சற்று நிறுத்தி, தம் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, மேலே பாடுகிறார்.