பழம் பறவைக்கு, கொட்டை நமக்கு

ஆனி, ஆடி மாதங்களில் காஞ்சிபுரம் வட்டாரத்துக் கொல்லைகளில் வேப்பம்பழம் உதிர்கிறது. பகலில் மைனா, குயில், காகம், இரவில் வௌவால். வாசல் அசுத்தமாகிறது என்று கல்லெறிந்து விரட்டுவோரும், கிளையையே வெட்டிவிடுவோரும் உண்டு. இது வீண் நஷ்டம்.

இவை சதையைத் தின்று கொட்டையைப் போட்டுவிடுகின்றன. சதை நீங்கிய கொட்டையில் பூசணம் எளிதில் பிடிக்காது. தினமும் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் சம்பா நெல்லுக்கு மருந்து தயார். 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் இலைச்சுருட்டுப் புழு மட்டுப்படும். கடை மருந்துச் செலவு மிச்சம்.

மைனா தன் குஞ்சுக்கு ஊட்டுவது நம் வயலின் வெட்டுக்கிளியையும் புழுவையும்தான். வரப்பில் தானாக முளைக்கும் வேப்பங்கன்றும் பறவை விதைத்ததே. வேடந்தாங்கல் கிராமத்தார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து, எச்சம் கலந்த ஏரி நீரை வயலுக்கு உரமாகப் பெறுகின்றனர். அவர்கள் கண்ட லாபம் நம் கொல்லையிலும் உண்டு.

மா, கொய்யாவுக்குக் காவல் வேண்டியதுதான். வேம்புக்கு வேண்டாம். வாசலைப் பெருக்க ஒரு துடைப்பம் போதும். அதற்காக மரத்தை வெட்ட வேண்டுமா?