கையைத் திட்டுமுன் தாளைப் பாருங்கள்

வாட்டர் கலரில் மலையும் ஆறும் தீட்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறது குழந்தை. தாள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. ஆகாயம் இருக்கவேண்டிய இடத்தில் காகிதம் உரிந்து திரிதிரியாக வந்துவிட்டது. அடுத்த பக்கத்துப் பூனைக்குட்டியும் நீலமாகிவிட்டது. "தண்ணியை இப்படி ரொப்பாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது!" என்று ஒரு அதட்டல் போடுகிறோம். தனக்குப் படம் போட வராது என்று குழந்தை முடிவு கட்டிக்கொள்கிறது. நாலு தரம் இப்படி நடந்தால் வண்ணப் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

சகோதரிகளே, இதில் குழந்தையின் மேல் என்ன குற்றம்? பென்சிலுக்கென்று வந்த நோட்டில் தண்ணீர் வண்ணம் தீட்டினால் அது வேறென்ன செய்யும்? தோசைக்கல்லில் ரசம் வைக்க முடியுமா? கடைக்குப் போய் "ஒரு டிராயிங் நோட்டு குடுங்க" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டுவதை எடுத்துத் தருவார். எதை வைத்து வரையப் போகிறது குழந்தை என்று நாம்தான் யோசித்துக்கொண்டு போகவேண்டும்.

நல்ல நோட்டுகளின் அட்டையில் 'ஜி.எஸ்.எம்.' என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் எடுக்கிற தாள் 70 அல்லது 80. ஏ4 அளவில் பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக, 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம். வாட்டர் கலருக்கான 300 ஜி.எஸ்.எம். தாள் அதே அளவில் ஏறக்குறைய 19 கிராம். கையில் எடுத்தாலே தெரியும். எண் போடாத நோட்டானால், ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் விரல் பளிச்சென்று நிழலாடினால், அது ஸ்கெட்ச் பேனாவுக்குக்கூட உதவாது. மை அடுத்த பக்கம் போய்விடும்.

கனம் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மாதக் காலண்டரின் வழவழப்பான தாளும் கனம்தான். மேலே பூச்சு இருப்பதால் அதில் பென்சில் வழுக்கும். ஸ்கெட்ச் பேனா மை சீக்கிரம் காயாமல் உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும்.

பென்சில், கலர் பென்சில், கிரேயான் மூன்றுக்கும் லேசான சொரசொரப்பு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளங்கள்தான் பென்சில் கரியை உரசி வாங்கிக்கொள்கின்றன. 'கார்ட்ரிட்ஜ் பேப்பர்' என்று கேளுங்கள்; 120 முதல் 150 ஜி.எஸ்.எம். வரை இருந்தால் தாராளம். ஒரு மூலையில் கோடு போட்டு ரப்பரால் ஏழெட்டுத் தரம் அழியுங்கள். பஞ்சு மாதிரி கிளம்பினால் அந்தத் தாள் வேண்டாம். குழந்தைகள் வரைவதைவிட அழிப்பதுதானே அதிகம்! கரித்துண்டுக்கும் பொடி உதிர்கிற பேஸ்டலுக்கும் இன்னும் முரட்டுத் தாள் வேண்டும். மை தொட்டு எழுதும் பேனாவுக்கு நேர்மாறாக வழவழப்பு வேண்டும். சொரசொரத் தாளில் முள் நாரை இழுத்து மையைத் தெறிக்கும்.

ஆயில் பேஸ்டல் ஒரு தனி ரகம். அது முழுசாகக் காய்வதே இல்லை. நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் அச்சாகிவிடும். இடையில் ஒரு பட்டர் பேப்பரை வைத்துவிடுங்கள்.

இனி வாட்டர் கலர். வீட்டில் கண்ணீர் வருவது இதனால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காகிதம் என்பது நார்கள் பின்னிய ஒரு விரிப்பு. மரமோ, பருத்தியோ, கரும்புச் சக்கையோ, எதிலிருந்து வந்தாலும் நார் நார்தான். (நம் கரூர் மாவட்டத்துப் புகழூரில் டி.என்.பி.எல். ஆலை 1984 முதல் சக்கையிலிருந்து காகிதம் செய்துவருகிறது.) ஈரம் பட்ட நார் ஊதும். பக்கத்து நார் காய்ந்தபடியே இருக்கும். ஊதிய இடத்துக்குப் போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. அப்பள வளைவு வருவது இப்படித்தான். தண்ணீர் உடனே உள்ளே இறங்காதபடி ஆலையில் ஒரு பசை சேர்க்கிறார்கள். அது குறைந்த தாளில் வண்ணம் திட்டுத்திட்டாக ஊறி, மறுபடி பிரஷ் பட்டதும் உரிகிறது.

ஒரு தாள் தனியாக வாங்கி வந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்று மெதுவாக இறங்கினால் நல்ல தாள். விட்ட மாத்திரத்தில் கறுத்து ஊறினால் அது வண்ணத்துக்கு ஆகாது. போஸ்டர் கலருக்கு 200 ஜி.எஸ்.எம். போதும், அதைக் கெட்டியாகத்தானே பூசுகிறோம். தண்ணீர் ஓடவிட்டுத் தீட்டும் வாட்டர் கலருக்கு 300 வேண்டும். கடையில் 'ஹாட் பிரஸ்டு', 'கோல்டு பிரஸ்டு', 'ரஃப்' என்று மூன்று தினுசு சொல்வார்கள். முதலாவது வழவழப்பு, கடைசி முரடு. பழகுகிறவர்களுக்கு நடுவிலுள்ள கோல்டு பிரஸ்டு சௌகரியம்.

நூறு சதம் பருத்தித் தாள் என்று விலை கூடுதலாக ஒன்று இருக்கும். எத்தனை தரம் நனைத்தாலும் தாங்கும் என்பது வாஸ்தவம். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு அதை வாங்காதீர்கள் என்பது என் கட்சி. விலை தெரிந்த தாளில் குழந்தை பயந்து பயந்து தீட்டும். மத்தியானம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நீங்கள் தீட்டப் போகிறீர்களா, உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்! புதுச்சேரியிலும், ஜெய்ப்பூர் பக்கத்துச் சாங்கானேரிலும் பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில்களோடு சேர்த்து வளர்க்கப் பாடுபட்ட கலை இது; சாங்கானேரில் அவர் பெயரிலேயே ஒரு கைக்காகித நிலையம் உண்டு. பார்க்க அழகு என்று பூவிதழ் பதித்த தாளை எடுத்துவிடாதீர்கள். சில ரகம் மை ஒற்றும் தாள் போல உறிஞ்சும். சொட்டுத் தண்ணீர் சோதனை இதற்கும் உண்டு.

கனம் குறைந்த தாள்தான் கையில் இருக்கிறதா? ஒரு பலகையில் வைத்து நாலு ஓரமும் பேப்பர் டேப் ஒட்டிவிட்டுத் தீட்டச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். வளைவு ரொம்பக் குறைந்துவிடும்.

"எல்லாத்துக்கும் ஒவ்வொரு நோட்டுன்னா பட்ஜெட் என்ன ஆகிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெரிய தாள்களாக வாங்கி நீங்களே தைத்துவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் நாலு, வாட்டர் கலர் தாள் இரண்டு, எல்லாம் ஒரே அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும். அந்தப் போக்கிலேயே மடியுங்கள். எதிர்ப்போக்கில் மடித்தால் விளிம்பு வெடிக்கும். ஸ்பூனின் முதுகால் மடிப்பை அழுத்தி, ஒன்றுக்குள் ஒன்று சொருகி, மடிப்பில் மூன்று ஓட்டை போடுங்கள். ஊசியை நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல் ஓட்டையில் உள்ளே விட்டு, கீழ் ஓட்டையில் வெளியே எடுத்து, திரும்ப நடுவில் உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடவேண்டியதுதான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலே ஒட்டினால் ஜோர். தைத்த நோட்டு மேஜையில் தட்டையாக விரியும் என்பதும் ஒரு லாபம்.

மூன்று, நாலு வயதுக் குட்டிகளுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அவர்களுக்குத் தரத்தைவிட அளவு முக்கியம். தோளிலிருந்து கையை வீசி வரைகிற வயது. ஏ3 அளவில் மலிவான தாள் நிறைய கொடுங்கள்.

பாட்டியின் கோல நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறி, மடிப்பில் தொட்டால் பொடிகிறதா? மலிவான மரக்கூழ்த் தாளில் தங்கிவிட்ட பொருள்களும் அமிலமும் செய்கிற வேலை அது. வைத்துக் காப்பாற்ற நினைக்கிற படத்துக்கு 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்ட தாளாக வாங்குங்கள். மழைக்காலத்தில் நோட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் பூஞ்சையும் பூச்சியும் தேடி வரும். படத்தின் பின்னால் தேதியும் குழந்தையின் வயதும் எழுதி வையுங்கள். பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் ஆற்றின் நடுவே எழுத்து புடைத்துத் தெரியும்.