வலம்புரிச் சங்கின் ஆற்றல்: ஒரு மறுப்பு

வலம்புரிச் சங்குக்கு அதன் சுழியாலேயே தனி ஆற்றல் உண்டு என்ற கூற்று, ராமேசுவரம் கடைத்தெருவில் சங்கோடு சேர்த்தே விற்கப்படுகிறது. வழிபாட்டில் சங்குக்குள்ள இடம் வேறு, அதில் வழக்கில்லை. இடம், வலம் என்ற திசை வேறுபாடு தானாகவே எதையேனும் செய்யுமா என்பதே கேள்வி.

வலம்புரி தனிச் சாதி என்பது முதல் வாதம். ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், அதற்கும் மேலே பாஞ்சசன்னியம் என்று பழைய மரபு படி வகுத்தது. ஆனால் கீழக்கரையிலும் ராமேசுவரத்திலும் சங்கு குளித்தவர்கள் எடுத்த இடம்புரியும் வலம்புரியும் டர்பினெல்லா பைரம் என்ற ஒரே இனம். 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூல் எழுதிய சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் வலம்புரியை அதே சங்கின் அரிய பிறழ்வாகவே கொண்டார். இத்தகைய பிறழ்வு எப்படி நேர்கிறது என்பது குளத்து நத்தைகளில் தெளிவாகியிருக்கிறது. கரு முதல் சில முறை பிளவுபடும்போதே சுழியின் திசை முடிவாகிவிடும். முடிவு செய்வது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு. இந்த விளக்கம் 1923லேயே வந்துவிட்டது.

அரிதாகக் கிடைப்பதே ஆற்றலுக்குச் சான்று என்பர். மெக்சிகோ வளைகுடாவிலும் ஃபுளோரிடாக் கரையிலும் வாழும் மின்னல் சங்குக்கு வலம்புரிச் சுழிதான் இயல்பு. மாறிப் பிறப்பதே அங்கு அரிது. அதை வாங்கிவந்து வலம்புரி என்று விற்பதும் உண்டு. நம் சங்கின் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும், மின்னல் சங்கில் இருக்காது. விவரமறிந்த வியாபாரிகள் இதைக் காட்டியே அதைப் போலி என்று தள்ளுவார்கள். ஆற்றல் சுழியில்தான் என்றால் எப்படித் தள்ளுவது?

வலம்புரியைக் காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்பதற்கு நீண்ட விடை தேவையில்லை. சுற்றுப்புற ஓசையில் சில அதிர்வெண்களைச் சங்கின் உட்குழி ஓங்கச் செய்கிறது. ஒரு குழியும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே அதிர்வெண்களில்தான் ஒத்ததிரும். ஒரே அளவுள்ள இடம்புரியும் அதையே பாடும்.

டி.என்.ஏ. வலச்சுருள், ஆகவே இயற்கை வலத்தையே விரும்புகிறது என்று அறிவியலைத் துணைக்கழைக்கும் வாதம்தான் சற்று வலுவானது. ஆனால் உயிரினங்களின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள், கை வேறுபாடே இல்லாத கிளைசீன் நீங்கலாக, இட வகை எனப்படும் எல் வகையைச் சேர்ந்தவை. மூலக்கூறுகளில் திசை வேறுபாடு மெய்யாகவே விளைவு தருவது, திசையுள்ள ஒன்று திசையுள்ள இன்னொன்றைச் சந்திக்கும்போதுதான். 2020இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் எல், டி வகைகளிலிருந்து அவர்கள் தனித்தனியே கார்பன் நுண்துகள்கள் செய்தார்கள். முறுக்கேறிய கயிறு தன்மேலேயே சுருண்டுகொள்வதுபோல் மிகைச்சுருளாக இருக்கும் வளைய டி.என்.ஏ.வை இரண்டுமே தளர்த்தின. அதில் முந்தியது, புரதங்கள் பயன்படுத்தாத டி வகை. டி.என்.ஏ.யின் கார இணைகளுக்கிடையே அது இறுக்கமாகச் செருகிக்கொண்டது. அதனால் அது உண்டாக்கிய ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் ஓர் இழையை எளிதில் அறுத்தன.

இந்தத் துகளை, டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்தும் நொதிக்கு நிகர் என்பதும் மிகை. 1971இல் ஜேம்ஸ் வாங் பாக்டீரியாவில் கண்டறிந்த டோப்போஐசோமரேஸ் ஓர் இழையை வெட்டி, வெட்டுமுனையைத் தன் டைரோசினில் பிடித்துக்கொள்கிறது. முறுக்கு தளர்ந்ததும் அதை மீண்டும் ஒட்டிவிடுகிறது. துகள் வெட்டுவதோடு சரி. உயிரணுவுக்குள் ஒட்டாத வெட்டு, பழுது.

டி வகை முந்தியதும் அதன் சொந்தச் சிறப்பால் அல்ல. இடச்சுருளான கண்ணாடிப் பிம்ப டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் செய்ய முடியும். அதனிடம் இதே துகள்களைக் கொடுத்தால், சமச்சீர் விதிப்படி எல் வகையே முந்த வேண்டும்.